மழைக்குப் பிறகு லோங்காங்கில் செத்துக் கிடப்பவை

14 செப்டம்பர் 2024 – மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் வாசகரின் கேள்வி

பெருமழை பெய்தால் லோங்காங் என்னும் சாலையோர வடிகாலும் ஆறும் அலசிவிட்டதுபோல் சுத்தமாகிவிடுகின்றன என்பதே என் கருத்து. மழை விட்ட மறுநாள் பினாங்கு ஆற்றோரம் மீன் செத்து மிதந்தால், அடிச்சேறு கலங்கி ஆக்சிஜன் குறைந்ததே அதற்குக் காரணம். மழைநீரில் நஞ்சு என்பது மிகைப்பேச்சு. ரோட்டு நீரை மணலும் எருவும் போட்டு வடிகட்ட வேண்டும் என்று சிலர் சொல்வது செலவுக்கு வழி தேடும் பேச்சாகவே படுகிறது. மறுப்பவர் உண்டா?

15 செப்டம்பர் 2024 – என் பதில்

மறுக்கிறேன், பாதியை ஒப்புக்கொண்ட பிறகு. ஆக்சிஜன் குறைவு உண்மையான காரணம்தான். பல நாள் தேங்கிய லோங்காங்கின் கறுப்புச் சேறு முதல் வெள்ளத்தில் கிளறப்படும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அந்த நீர் ஆற்றில் விழும் இடத்தில் திலாப்பியா மீன்கள் வாயை மேலே தூக்கிக்கொண்டு தவிப்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் ‘அலசிவிட்டது’ என்ற சொல்லில்தான் கோளாறு இருக்கிறது. பாத்திரம் கழுவியவர் பாத்திரத்தைப் பார்த்து மகிழலாம். மீன் குடியிருப்பதோ கழுவிய நீரில். நாலைந்து நாள் வெயிலில் காய்ந்த சாலையின் மேல் பிரேக் கட்டையிலிருந்து உதிர்ந்த செம்பு, டயரிலிருந்து தேய்ந்த ரப்பர்த் தூளும் அதிலுள்ள துத்தநாகமும், வண்டியடியில் சொட்டிய எண்ணெய், புகையில் வந்து படிந்த பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் ஆகியவை எல்லாம் கிடக்கின்றன. முதல் பத்து நிமிட மழை அவற்றை மொத்தமாக வாரிக்கொண்டு போகிறது. ஒரு மணி நேரம் கழித்து ஓடும் நீர் பார்வைக்கு மட்டுமன்றி உண்மையிலேயே மேலானது. ஆகவே உங்கள் கூற்றும் என் கூற்றும் ஒரே மழையின் இரு வேறு பொழுதுகளுக்குப் பொருந்தக்கூடும்.

18 செப்டம்பர் 2024

‘ஆக்சிஜன் அல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு மிகத் தெளிவான விடை நம் ஊரில் கிடைக்கவில்லை, அமெரிக்காவின் சியாட்டல் பக்கத்தில் கிடைத்தது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே கோஹோ என்னும் சால்மன் வகை கடலிலிருந்து நகரத்து ஓடைகளுக்கு முட்டையிட ஏறி வரும். இலையுதிர்கால மழை பெய்தவுடன் அந்த மீன்கள் திசை தெரியாமல் சுழன்று, நீரின் மேற்பரப்பில் வாய் பிளந்து, சில மணி நேரத்தில் வயிறு நிறைந்த முட்டையோடு செத்துப்போயின. சில ஓடைகளில் ஏறி வந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி மாண்டன. அந்த ஓடைகளில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. நீரின் சூடும் நோய்க்கிருமியும் ஆராயப்பட்டுக் காரணமல்ல என்று விலக்கப்பட்டன. ஆய்வாளர்கள் நெடுஞ்சாலையிலிருந்து வடிந்த நீரைப் பிடித்து வந்து தொட்டியில் ஊற்றி, நல்ல உயிர்வளியும் கொடுத்து, கோஹோ மீன்களை விட்டார்கள். எல்லாம் ஒரு நாளுக்குள் செத்தன. அதே நீரை மணல் 60 பங்கும் மக்கிய எரு 40 பங்கும் கலந்த மண் அடுக்கின் வழியாக வடியவிட்டுப் பிறகு மீன்களை விட்டபோது எல்லாம் பிழைத்தன. 2016இல் வெளிவந்த முடிவு இது. எந்த நச்சு கொல்கிறது என்பது தெரிவதற்கு முன்பே எது காப்பாற்றுகிறது என்பது தெரிந்துவிட்டது.

கொல்லும் நச்சு 2020 டிசம்பரில் தெரியவந்தது. டயர் ஓசோன் பட்டு வெடிக்காமல் இருப்பதற்காக 6பி.பி.டி. என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து 6பி.பி.டி. குவினோன் என்ற வேறொரு பொருளாகிறது. டயர் ஊறிய நீரிலிருந்த ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பிரிவு மீனைக் கொல்கிறது என்று ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போய் அதைக் கண்டுபிடித்தார்கள். சோதனை மீன்களில் பாதியைக் கொல்லும் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரோகிராம் என்று முதலில் அறிவித்தார்கள். தூய மாதிரி கையில் கிடைத்த பிறகு 2022இல் தாங்களே திருத்தி, 0.095 மைக்ரோகிராம்தான் என்றார்கள். தாம் சொன்னதைத் தாமே திருத்தும் பழக்கம் உள்ளவர்களின் பேச்சை நான் கூடுதலாக நம்புவேன்.

19 செப்டம்பர் 2024

நேற்று எழுதியதில் ஒரு குறை. படிப்பவர்கள் அந்த டயர் நஞ்சு எல்லா மீனையும் அப்படியே கொல்லும் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். கோஹோவின் நெருங்கிய உறவான ‘சம்’ என்னும் சால்மன் அதே நீரில் சாவதில்லை. ஜப்பானில் செய்த சோதனைகளில் மெடாகா மீனும் வரிக்குதிரை மீனும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளும் சாகவில்லை. நம் ஆற்றில் கோஹோ கிடையாது. ஆகவே நம் ஊருக்கு இந்தக் கதை நேரடிச் சான்றாகாது. ‘ஆக்சிஜன் சரியாக இருந்தும் ரோட்டு நீர் கொல்லும், மண் வடிகட்டி அதைத் தடுக்கும்’ என்ற அளவில்தான் பயன்படும். இங்கே நாம் கவலைப்பட வேண்டியவை செம்பும் துத்தநாகமும் என்பது என் எண்ணம்.

22 செப்டம்பர் 2024

பேச்சை விட்டுச் செய்து பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் இருபது ஆண்டுக் காலம் உதவியாளராகக் கண்ணாடிக்குப்பி கழுவியவன் நான், கைப்பழக்கம் போகவில்லை.

நேற்று மாலை, இன்றும் நாம் கிரீன் லேன் என்றே சொல்லும் ஜாலான் மஸ்ஜித் நெகிரியின் ஓரத்து லோங்காங்கில், மழை தொடங்கிய ஐந்தாவது நிமிடம் குடையும் வாளியுமாக நின்றேன். காரில் போனவர்கள் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. வாளியில் வந்த நீர் நீர்த்த காப்பியின் நிறத்தில் இருந்தது. மேலே எண்ணெய் மயில் கழுத்தாக மின்னியது. விரலை விட்டு எடுத்தால் நகக்கண்ணில் பென்சில் கரிபோல ஒரு மைத்தூள் ஒட்டியது.

மூன்று கண்ணாடித் தொட்டிகள். முதலாவதில் அந்த நீர் அப்படியே. இரண்டாவதில் அதையே வடிகட்டிய நீர். வடிகட்டி என்பது அடி ஓட்டையிட்ட பெயின்ட் வாளியில் சரளைக்கல், அதற்கு மேல் ஆற்றுமணலும் ஆட்டெருவும் கலந்த கலவை. மூன்றாவதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வீட்டுப் பின்புறத்துப் பீப்பாயில் பிடித்து வைத்த கூரை மழைநீர். மாசே இல்லாத நீர் என்று நம்பி. ஒவ்வொன்றிலும் காற்றுக்குமிழி விடும் மோட்டார், ஐந்து லோங்காங் மீன், வளர்ப்பு மீன் கடையில் வாங்கிய ஐந்து சின்னச் செர்ரி இறால். லோங்காங் மீன் என்றால் கப்பிதான். பிடிக்கும் இடத்தை வைத்து நாம் சூட்டிய பெயர்.

24 செப்டம்பர் 2024

முடிவு: மூன்று தொட்டிகளிலும் எல்லா இறாலும் செத்தன. மூன்று தொட்டிகளிலும் எல்லாக் கப்பியும் உயிரோடு இருக்கின்றன, இரை கேட்டு மேலே வருகின்றன.

ஜெலுத்தோங் நண்பர் இதைப் படித்துச் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

25 செப்டம்பர் 2024

சிரித்து முடிந்தது என்றால், நடந்ததைப் பார்ப்போம்.

கப்பி சாகாதது வியப்பில்லை. லோங்காங்கிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவை எஞ்சியிருக்கும் மீன்கள். நம் ஆறுகளில் மிஞ்சியிருக்கும் திலாப்பியாவும், சுவர் நக்கிக் கிடப்பதால் மாநகராட்சித் துப்புரவாளர்போல் ‘பண்டாராயா (மாநகராட்சி) மீன்’ என்று பெயர் வாங்கிய தென்னமெரிக்கக் கெளிற்று மீனும் அப்படிப்பட்டவையே. அவை துள்ளுவதைக் காட்டி ஆறு நலம் என்பது, சாராயக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டிச் சாராயம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்பதைப் போன்றது. சாகக்கூடியவை முன்பே செத்துவிட்டன. இறாலும் நீர்த்தெள்ளும் செம்பு விஷயத்தில் மென்மையானவை. அவற்றை வைத்துத்தான் கேட்க வேண்டும்.

வடிகட்டிய நீரில் இறால் செத்ததற்குப் பழி முழுவதும் என்னுடையது. ஆட்டெரு போதிய அளவு மக்கவில்லை. வெளியே வந்த நீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்ததையும், மூக்கில் அம்மோனியா ஏறியதையும் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டேன். புதிய எரு அடுக்கு முதல் சில மழைகளில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும், சில வேளை செம்பையும்கூடப் பிடிப்பதற்குப் பதிலாகக் கக்கும் என்பது இந்தத் துறையில் அனைவரும் அறிந்த தொல்லை. எனக்கும் தெரியும், தெரிந்தும் அவசரம்.

கூரைநீரில் ஏன் செத்தன என்பதற்குத்தான் இரவு முழுவதும் யோசித்தேன். எங்கள் பின்கட்டு தகரக் கூரை, துத்தநாகம் பூசிய பழைய தகரம். மழைநீர் இயல்பிலேயே இலேசான அமிலத்தன்மை கொண்டது, உப்பற்றது. தகரத்தின் மேல் வழியும்போது துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். அதோடு, நீர் மென்மையானதாக, அதாவது கால்சியம் குறைந்ததாக இருந்தால் உலோகத்தின் கடுமை கூடும். செவுளில் செம்பு சோடியத்தின் வழியையும் துத்தநாகம் கால்சியத்தின் வழியையும் அடைக்கின்றன. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது போட்டிக்கு நின்று செவுளைக் காக்கும். மழைநீரில் அந்தக் காவல் இல்லை. ஆக, நான் மாசற்றது என்று நம்பிய நீரே நச்சு நீர். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

6 அக்டோபர் 2024

இரண்டாம் சுற்று. வடிகட்டியில் ஆட்டெருவை எடுத்துவிட்டு, ஓராண்டு மக்கிய இலையுரம், உமிக்கரி, அலசிய தேங்காய் நார்த்தூள், மணல் என்று கலந்தேன். மணல் பாதிக்கு மேல். குழாய்நீர் பத்து வாளி ஊற்றி, வெளிவரும் நீர் நிறமிழக்கும் வரை கழுவினேன். ஒப்பீட்டுக்கு இரண்டு நாள் திறந்து வைத்துக் குளோரின் போக்கிய குழாய்நீர். ரோட்டு நீர் அதே இடத்தில், மழையின் அதே ஐந்தாவது நிமிடம்.

ரோட்டு நீரில் நான்கு இறால் முதல் நாள் இரவுக்குள் செத்தன, ஐந்தாவது மறுநாள் காலையில். வடிகட்டிய நீரிலும் குழாய்நீரிலும் நான்கு நாள் ஆகியும் ஒன்றும் சாகவில்லை. வடிகட்டிய தொட்டியில் ஒன்று தோலுரித்திருக்கிறது. கண்ணாடிபோல அந்தச் சட்டை மணலில் கிடக்கிறது. கால்சியம் குறைவான நீரில் தோலுரிக்கும் இறால் திணறும் என்பதால் இதைப் பார்த்தவுடன் எனக்கு நிம்மதி.

ஐந்து இறாலை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர் சொல்வதற்கு முன்.

12 அக்டோபர் 2024

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதிய ஐயாவுக்கு. கிள்ளான், கோம்பாக் ஆறுகளின் கரையில் ‘வாழ்வின் ஆறு’ திட்டத்தில் வந்த குப்பைத் தடுப்பான்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் சுட்டி, ‘அங்கே வடிகட்டத்தானே செய்கிறார்கள்’ என்கிறீர்கள். குப்பைத் தடுப்பான் பிளாஸ்டிக் புட்டியையும் பாலிஸ்டைரின் பெட்டியையும் பிடிக்கும். கம்பிகளுக்கு இடையே விரல் நுழையும். கரைந்த செம்பு அதைவிடச் சற்றுச் சிறியது. உங்கள் ஊரில் 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் வெள்ளச் சுரங்கமும் வெள்ளத்தின் அளவைச் சமாளிக்கத்தான். வெள்ளத்தில் என்ன கரைந்திருக்கிறது என்பது அதன் கேள்வியே இல்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. நம் நாட்டில் ஓர் ஆறு சுத்தம், நடுத்தரம், மாசு என்று சொல்லப்படுவது நீர்த்தரக் குறியீட்டை வைத்து. அந்தக் குறியீடு ஆறு அளவுகளால் ஆனது: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், தொங்கும் திடப்பொருள், அமிலகாரத்தன்மை. செம்பும் துத்தநாகமும் அதில் இல்லை, எண்ணெய் இல்லை, டயர் நஞ்சுக்கு இடமே இல்லை. ஆற்றில் உலோகங்களைத் தனியாக அளப்பதும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் செய்தித்தாளில் ஆற்றுக்கு மதிப்பெண்ணாக வருவது அந்த ஆறு அளவுகளும் சேர்ந்த ஒற்றை எண். என் முதல் தொட்டி நீரைச் சேறு படியவிட்டு, காற்றும் ஊட்டி அளந்தால் ஓரளவு நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இறாலுக்கு அந்த மதிப்பெண் தெரியாது.

13 அக்டோபர் 2024

செந்தூல் ஐயாவுக்கே இன்னொரு சொல். பத்துமலைப் பக்கம் சுண்ணாம்புப் பாறை. அதைத் தொட்டு வரும் நீரில் கால்சியம் அதிகம். எங்கள் தீவு கருங்கல் மலை. நீர் மிக மென்மையானது. ஆகையால் அதே அளவு செம்பு உங்கள் ஊர் ஓடையில் செய்வதைவிட எங்கள் ஊர் ஓடையில் அதிகக் கேடு செய்யும். பெருமைப்படத் தக்க வேறுபாடு இல்லை என்றாலும் பதிந்து வைக்கிறேன்.

20 அக்டோபர் 2024

திருத்தம். மனமில்லாமல் எழுதுகிறேன்.

25 செப்டம்பர் குறிப்பில் கூரைநீரில் இறால் செத்ததற்குத் தகரத்தின் துத்தநாகமே காரணம் என்று பெருமையோடு எழுதியிருந்தேன். நேற்று மனைவி அதைப் படித்துவிட்டு, ‘அந்தப் பீப்பாயிலா எடுத்தீர்கள்? அதில் நான் அபேட் போட்டிருந்தேனே’ என்றாள். சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்கள் கொசுப்புழுவுக்காகக் கொடுத்த மணல்போன்ற அந்த மருந்துப் பொட்டலம். அதிலிருப்பது தெமிஃபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி. கொசுப்புழுவைக் கொல்லும் அது இறால் இனத்தையும் கொல்லும். இருபது ஆண்டு ஆய்வுக்கூட அனுபவம் உள்ளவன், பீப்பாயில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மழை வரக் காத்திருந்து, பீப்பாயை விட்டு, தகரத்தின் நுனியிலிருந்து நேராகக் கழுவிய பிளாஸ்டிக் வாளியில் பிடித்து மறுபடி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே, திறந்த வெளியில் கூரை படாமல் பிடித்த மழைநீர் ஒரு தொட்டி. இரண்டிலும் ஒரே அளவு, சிறிதளவு சிப்பித்தூள் கலந்திருக்கிறேன். இல்லையென்றால் வெறும் மழைநீரின் உப்பின்மையே இறாலைக் கொன்றுவிட்டு என்னை மூன்றாம் முறை முட்டாளாக்கும்.

25 அக்டோபர் 2024

தகர நீரில் ஐந்தில் மூன்று செத்தன. திறந்தவெளி மழைநீரில் ஒன்றும் சாகவில்லை. துத்தநாகத்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது; தீர்ப்பு எழுத நான் துணியவில்லை. தகரத்தின் மேல் பூனை படுப்பதும் உண்டு.

3 நவம்பர் 2024

தீபாவளி விருந்தினர் போன பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன். ஜெலுத்தோங் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி: ‘ஒரு வாளியில் நடப்பது ஊரில் நடக்குமா?’

நீர்ப்பாசன வடிகால் துறையின் மழைநீர்க் கையேடான மஸ்மா 2000இல் முதல் பதிப்பாகவும் 2012இல் இரண்டாம் பதிப்பாகவும் வந்தது. நீர்த்தரத்துக்காகப் பிடித்துச் சுத்தம் செய்ய வேண்டிய மழை அளவு 40 மில்லிமீட்டர் என்று இரண்டாம் பதிப்பு எடுத்துக்கொள்கிறது. பத்துக் கார் நிற்கும் சிறு நிறுத்துமிடம் 100 சதுரமீட்டர் இருக்கும் என்றால், 40 மில்லிமீட்டர் மழைக்கு 4,000 லிட்டர். பின்கட்டில் கிடக்கும் 200 லிட்டர்ப் பீப்பாயை வடிகட்டியாக்கினால் அதன் வாய்ப் பரப்பு கால் சதுரமீட்டர். மணல் எருக் கலவை மணிக்கு 150 மில்லிமீட்டர் உள்வாங்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மணிக்கு 38 லிட்டர்தான் வடியும். 4,000 லிட்டர் வடிய நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அதற்குள் இன்னும் மூன்று மழை பெய்திருக்கும்.

அதையே நிறுத்துமிடத்தின் ஓரத்தில் 5 சதுரமீட்டர்ப் பள்ளமாகத் தோண்டி, கலவை நிரப்பி, மேலே செடி வைத்தால் மணிக்கு 750 லிட்டர். ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பரப்பில் இருபதில் ஒரு பங்கு. ஒரு காரின் இடத்தில் பாதி. கொடுக்க முடியாத விலை என்று எனக்குத் தோன்றவில்லை; ஆனால் ஒரு காரின் இடத்துக்காக நம் ஊர்க் கடைத்தெருவில் அண்டை வீட்டார் பேச்சுவார்த்தை நின்றுபோனதைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

சியாட்டலில் ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் தூறல். எங்களுக்கு 2,000க்கு மேல், அதுவும் கொட்டுவது. ஆகவே அங்கே தேறிய வடிகட்டியை இங்கே அப்படியே வைக்க முடியாது என்ற மறுப்பு சரி. ஆனால் நஞ்சில் பெரும்பகுதி முதல் கொட்டலில் வருகிறது என்பதால், எல்லா நீரையும் வடிகட்ட வேண்டியதில்லை. முதலில் வருவதைப் பள்ளத்துக்குள் விட்டு, நிரம்பிய பிறகு வருவதை லோங்காங்குக்குத் திருப்பும் ஒரு சிறு தடுப்பு போதும்.

4 நவம்பர் 2024

நேற்றைய கணக்கில் ‘பத்துக் கார், 100 சதுரமீட்டர்’ என்பது தவறு. கார் நுழைந்து திரும்பும் இடத்தையும் சேர்த்தால் 100 சதுரமீட்டரில் நான்கைந்து கார்தான் நிற்கும் என்று ஓட்டுநரான என் மைத்துனர் சுட்டிக்காட்டினார். நீர்க்கணக்கு மாறவில்லை. ஆனால் ‘ஒரு காரின் இடத்தில் பாதி’ என்பது அப்படியே நான்கைந்து காரில் பாதிக் கார் ஆகிறது. சண்டைக்கு இன்னும் சற்று வசதி.

9 நவம்பர் 2024

கொசு வளராதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் மழைநீரைத் தேக்கும் எந்த யோசனைக்கும் முதலில் வரும் கேள்வி, வர வேண்டிய கேள்வி. கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். ஐந்தரை மணி நேரத்தில் வற்றும் பள்ளத்தில் அதற்கு நேரம் கிடையாது. அடைத்துக்கொண்டு வற்றாத பள்ளம் என்றால் நிச்சயம் ஏடிஸ் குடியேறும். மனைவி அபேட் போடுவாள். நான் மறுபடியும் தவறான முடிவுக்கு வருவேன்.

16 நவம்பர் 2024

நிபோங் திபால் வாசகர் நினைவூட்டியது நல்லதாயிற்று. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் 2000களின் தொடக்கத்திலேயே பயோஈக்கோட்ஸ் என்ற வடிகால் முறையை அமைத்தார்கள். கான்கிரீட் லோங்காங்குக்குப் பதிலாகப் புல் வளர்ந்த ஆழமற்ற வாய்க்கால், அதன் அடியில் மணல் சூழ்ந்த பிளாஸ்டிக் கூட்டு வழியே மெதுவாக ஓடும் நீர், பிறகு வறள்குளம், கடைசியில் சதுப்பு நிலம். என் அக்காள் மகன் அங்கே படித்தபோது ஒரு மழை நாளில் போயிருந்தேன். என் கண்ணுக்குப் புல்வெளிதான் தெரிந்தது, ‘லோங்காங் எங்கே?’ என்று கேட்டேன். ‘மாமா, நீங்கள் அதன் மேல்தான் நிற்கிறீர்கள்’ என்றான். செருப்பு நனைந்திருந்தது.

அங்கே புதிய நிலம், பரந்த வளாகம். ஜார்ஜ்டவுன் கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதைக்கும் சாலைக்கும் இடையே அந்த வாய்க்காலை எங்கே வெட்டுவது என்பதற்கு என்னிடம் பதிலில்லை.

23 நவம்பர் 2024

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டயர் நஞ்சைப் பற்றி எழுதியதிலிருந்து தாத்தாவின் நினைவு. கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். அந்தக் கழிவுநீர் இறங்கிய ஓடையில் மீன் கிடையாது, நாற்றம் தொழிலாளர் குடியிருந்த லயம் வரை வரும் என்பார். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. ஆலைக்கு வாசல் உண்டு, குழாய் உண்டு, அந்தக் குழாயின் வாயில் நின்று அளக்கலாம், அபராதம் போடலாம். அதே ரப்பர் டயராகிச் சாலையில் தேய்ந்து இறங்கும்போது குழாயும் இல்லை, வாசலும் இல்லை, குற்றவாளியும் இல்லை. நானும் தினமும் இருபது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன்.

மூலத்திலேயே நிறுத்த முடியாதா என்றால், செம்பில் ஓரளவு முடிந்திருக்கிறது. கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010இல் பிரேக் கட்டையில் செம்பைக் குறைக்கச் சட்டம் இயற்றின. 2021 முதல் 5 விழுக்காடு, 2025 முதல் 0.5 விழுக்காடு என்பது வரம்பு. 6பி.பி.டி.க்கு நிகரான மாற்று இன்னும் டயருக்குள் ஏறவில்லை. இயற்கை ரப்பர் ஓசோனில் வெடிப்பது அதன் மூலக்கூற்றிலேயே உள்ள குணம். காவல் இல்லாமல் ஓட்டினால் சாவது மீனாக இருக்காது, நாமாக இருப்போம்.

14 டிசம்பர் 2024

ஜெலுத்தோங் நண்பர் தண்ணீர்மலையிலிருந்து பினாங்கு ஆறு வரை நடந்து பார்த்ததாக எழுதியிருக்கிறார். நானும் சிறுவயதில் தைப்பூசத்துக்குப் போனால் பூங்காவனத்துப் பக்க ஓடையில் கால் வைத்துக் கூனி இறாலைக் கைக்குட்டையில் அள்ளியிருக்கிறேன். மலையிலிருந்து இறங்கும் அதே ஆயர் தெர்ஜுன் ஓடை ஒரு சில கிலோமீட்டரில் ஆயர் ஈத்தாம் ஆற்றோடு கூடிப் பினாங்கு ஆறாகும்போது கூனி இல்லை, திலாப்பியாவும் பண்டாராயா மீனும்தான் என்று அவரே சொல்கிறார். அது முழுவதும் மழைநீரின் வேலை என்று நான் சொல்லவில்லை. சாக்கடையும் பட்டறைக் கழிவும் சேறும் சூடும் சேர்ந்தே இருக்கின்றன. ‘வடிகட்டியெல்லாம் வீண்’ என்பதைத் திரும்பப் பெறுவதாகவும், ‘ஆக்சிஜன்தான் முதல் காரணம்’ என்பதைத் திரும்பப் பெற மறுப்பதாகவும் எழுதியிருக்கிறார். பினாங்கு ஆற்றைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாகவே இருக்கக்கூடும்.

18 ஜனவரி 2025

வடிகட்டி வாளிக்கு மூன்றரை மாதமாயிற்று. பத்துப் பதினோரு முறை ரோட்டு நீர் ஊற்றியிருக்கிறேன். முதலில் பத்து நிமிடத்தில் இறங்கிய நீர் இப்போது முக்கால் மணி நேரம் மேலேயே நிற்கிறது. மேல் அடுக்கைக் கரண்டியால் சுரண்டினேன்; ஒரு விரற்கடை கனத்துக்கு, தோசைக்கல் கரிபோல வழவழப்பான கறுப்பு மண். அதற்குக் கீழே மணல் புதிதுபோலவே இருந்தது. அடைப்பு முழுவதும் மேலேதான் இருக்கிறது. சுரண்டி எடுத்ததும் பழைய வேகம் திரும்பிவிட்டது. ஊரளவில் செய்தாலும் இதே வேலைதான் காத்திருக்கும்: ஆண்டுக்குச் சிலமுறை யாரேனும் குனிந்து சுரண்ட வேண்டும். பள்ளத்துக்குத் திறப்பு விழா நடத்த நிறையப் பேர் கிடைப்பார்கள்; சுரண்டத்தான் ஆள் கிடைக்காது.

வடிகட்டிய நீர்த் தொட்டியில் இரண்டு தாய் இறால்கள் வயிற்றடியில் மஞ்சள் முட்டையோடு திரிகின்றன. குழாய்நீர்த் தொட்டியிலும் அப்படியே. ஆகவே இதை வடிகட்டியின் வெற்றியாக எழுதமாட்டேன்.

19 ஜனவரி 2025

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. முதன்முறை, டிசம்பர் தொடக்கத்தில் சுரண்டிய கறுப்பு மண்ணை என்ன செய்வது என்று யோசிக்காமல், உரமாகட்டும் என்று வேலியோரத்துக் கறிவேப்பிலைச் செடியின் தூரில் கொட்டிவிட்டேன். வடிகட்டி நஞ்சை அழிப்பதில்லை. எண்ணெயை நுண்ணுயிர்கள் நாளடைவில் தின்னும். செம்பும் துத்தநாகமும் பிடித்த இடத்திலேயே சேர்ந்துகொண்டிருக்கும். நான்கு மாதமாக இந்த இழையில் செம்பு, துத்தநாகம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், கையோ வேறு பக்கம் கொட்டியிருக்கிறது. செடி தழைத்து நிற்கிறது. மனைவி இலை பறிப்பதை நிறுத்திவிட்டாள். சந்தையில் ஒரு வெள்ளிக்குக் கட்டு வாங்கி வருகிறாள். நேற்றைய மண்ணை மூடி போட்ட பால்மாவு டின்னில் அடைத்து, மேலே தேதி எழுதி, பின்கட்டில் வைத்திருக்கிறேன். பீப்பாய்க்குப் பக்கத்தில். இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டேன்.